கருவியைக் கழிக்குமுன்

காரைக்குடி வட்டாரத்துச் சங்கமொன்றைச் சென்ற மாதம் நாம் பார்வையிட்டபோது, லாரிச் செலவுகளில் ஒரு கோரிக்கை கண்ணில் பட்டது. நூல் மூட்டையும் நெல்லும் ஏற்றிச் செல்லும் அந்த லாரியில், புகைக்குழாயின் உஷ்ணத்தைக் காட்டும் மானியொன்றைத் தனியே வாங்கிப் பொருத்தியிருந்தனர். குழாயினுள் இருக்கும் உணர்கருவி பழுதாகிவிட்டது. அதன் உற்பத்தி நின்றுவிட்டதால் மானி முழுவதையுமே மாற்றவேண்டும் என்று விற்பனையாளர் கூறினாராம். இது அவசியந்தானா என்று அங்கத்தினர்கள் நம்மை வினவினர். அவர்களுக்கு அளித்த விளக்கம் பிற சங்கங்களுக்கும் பயன்படும் என்று கருதுகிறோம்.

மிகுந்த பாரத்துடன் மேட்டில் ஏறும்போது டீசல் எஞ்சினின் புகை உஷ்ணம் உயரும். எல்லை வண்டிக்கு வண்டி வேறுபடும். எனினும் சுமார் 700 டிகிரிக்கு மேல் நெடுநேரம் ஓடினால் பிஸ்டனுக்கும் டர்போவுக்கும் ஆபத்து. ஆகவே இம்மானி பொய் சொல்லலாகாது.

இத்தகைய மானிகளிற் பெரும்பாலானவற்றின் உணர்கருவி மிக எளிய அமைப்புடையது. இருவேறு உலோகக் கம்பிகளின் நுனிகளை இணைத்துச் சூடேற்றினால் சிறிது மின்னழுத்தம் பிறக்கும். இதனை 1821-ஆம் ஆண்டில் ஸீபெக் என்பவர் கண்டறிந்தார். குரோமெல், அலுமெல் என்னும் கலப்புலோகங்களாலான கம்பியிணைக்குக் 'கே' வகை என்று பெயர். இதனைப் பலரும் ஒரே அளவுத்திட்டப்படி செய்கின்றனர். ஆதலால் ஒரு கம்பெனி நிறுத்திவிட்டாலும் வேறிடத்தில் வாங்கலாம்.

வாங்குமுன் கவனிக்கவேண்டியவை நான்கு.

முதலாவது, வகை. மானியின் குறிப்பேட்டில் வகை எழுதியிருக்கும். பழைய கருவி முற்றிலும் அறுந்துபோகாதிருந்தால் மல்டிமீட்டரால் அதன் மின்தடையைப் பார்க்கலாம். சில ஓம் மட்டுமே காட்டினால் அது கம்பியிணை; இருநூறு ஓமுக்குச் சற்று மேல் காட்டினால் பெரும்பாலும் பிளாட்டினக் கருவி. ஒன்றுக்கு மற்றொன்று உதவாது.

இரண்டாவது, புரி. பெரும்பாலும் அரைக்கால் அங்குலக் குழாய்ப் புரியாகவே இருக்கும். எனினும் பழையதை எடுத்துச் சென்று ஒப்பிடுவதே நலம்.

மூன்றாவது, உறை. பழைய கருவியில் கம்பி நுனி உலோக உறையைத் தொட்டிருந்ததா, விலகியிருந்ததா என்று பார்த்து, அதேபோன்றதை வாங்குக.

நான்காவது, இணைப்புக் கம்பி. நீளம் போதவில்லையென்று செப்புக் கம்பியை ஒட்டுப்போடலாகாது. ஒட்டு 80 டிகிரியிலும் மானி 35 டிகிரியிலும் இருந்தால், அளவு 45 டிகிரி குறைந்து காட்டும். 'கே' வகைக்குரிய கம்பியையே இடுக. அமெரிக்க முறையில் மஞ்சள் நேர்முனை, சிவப்பு எதிர்முனை. சிவப்பை நேர்முனையென்று எண்ணி ஏமாறலாகாது. காந்தத்தில் ஒட்டும் கம்பி எதிர்முனை.

அறுந்த பாவில் வேறு நம்பர் நூலைப் பிணைத்தால் துணியே காட்டிக்கொடுத்துவிடும். கம்பியோ அவ்வாறு காட்டிக்கொடாது. 'கே' மானியில் 'என்' வகையை மாட்டினால், உண்மையில் 700 டிகிரி இருக்கையில் முள் ஏறத்தாழ 590-இலேயே நிற்கும். ஓட்டுநர் அச்சமின்றி ஓட்டுவார்!

எனவே பொருத்துமுன் நுனியைக் கொதிக்கும் நீரில் வைத்துச் சோதிக்கவேண்டும். மானி நூறு டிகிரியை ஒட்டிக் காட்டவேண்டும். நூறுக்குக் கீழ் அளவில்லாத மானியாயின் மல்டிமீட்டரில் பார்க்கலாம். அறை 30 டிகிரியாக இருந்தால் 'கே' வகை ஏறக்குறைய 2.9 மில்லிவோல்ட் தரும்.

மேற்படி சங்கத்தில் பழைய மானியே புதிய உணர்கருவியுடன் இன்று இயங்குகிறது. சங்கத்தின் பணம் அங்கத்தினர் ஒவ்வொருவரின் உழைப்பு. பழுது எந்த உறுப்பிலென்று அறிந்த பின்னரே நிர்வாகக் குழு செலவை அனுமதிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.