காணிக்கை உறையின் மேல் எழுதியிருக்கும் சொல்

தேவாலயக் காணிக்கை உறையின் மேல் ஓரிரு சொற்கள்தான் அச்சிடப்பட்டிருக்கும். ‘தசமபாகம்’, ‘ஊழியம்’, ‘கட்டட நிதி’ என்று ஏதாவது ஒன்று. இப்போது உறைக்குப் பதிலாகக் கைத்தொலைபேசியைக் கியூஆர் குறியீட்டின் முன் காட்டிப் பணம் செலுத்துவோரும் பலர். அங்கேயும் எந்த நிதிக்கு என்று குறிப்பிட இடம் உண்டு. அதைப் பார்த்துத்தான் கொடுப்பவர் கொடுக்கிறார். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். அதன் பிறகு அந்தப் பணம் எங்கே தங்குகிறது, யார் கையால் எடுக்கப்படுகிறது என்று அவர் அதிகம் விசாரிப்பதில்லை. கடவுளுக்குக் கொடுத்ததற்குக் கணக்குக் கேட்கலாமா என்ற தயக்கம் எல்லாச் சமயத்தாரிடமும் இருக்கிறது.

கேட்கத்தான் வேண்டும் என்பதைச் சிங்கப்பூரில் நடந்த சிட்டி ஹார்வெஸ்ட் தேவாலய வழக்கு காட்டியது. அந்த வழக்கை ‘போதகர் பணத்தைச் சுருட்டினார்’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவோர் இன்றும் உண்டு. உண்மையில் நடந்தது அதுவல்ல. அதனால்தான் அதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு தேவாலயத்தின் வழக்கமான செலவுகள் எல்லாருக்கும் தெரிந்தவையே. போதகர், ஊழியர் சம்பளம், வாடகை, மின்சாரக் கட்டணம், ஏழை எளியோருக்கு உதவி, வெளிநாட்டு ஊழியம். இவை பொது நிதியிலிருந்து போகும். பெரிய தலைவலி இடம்தான். சிங்கப்பூரில் வழிபாட்டுத் தலங்களுக்கென ஒதுக்கப்படும் நிலம் பொதுவாக 30 ஆண்டுக் குத்தகைக்கே கிடைக்கிறது. ஆயிரக்கணக்கில் மக்கள் கூடும் தேவாலயத்துக்கு அப்படிப்பட்ட நிலமும் போதாது. ஆகவே மாநாட்டு மண்டபம், அரங்கம், கடைத்தொகுதி என்று தேடிப் போகிறார்கள். நியூ கிரியேஷன் தேவாலயத்தின் வர்த்தகப் பிரிவான ராக் புரொடக்‌ஷன்ஸ், புவன விஸ்தாவில் 5,000 பேர் அமரும் அரங்கத்தை அமைத்தது. அதனுடன் இணைந்த ஸ்டார் விஸ்தா கடைத்தொகுதியையும் 2019ஆம் ஆண்டில் 296 மில்லியன் வெள்ளிக்கு வாங்கியது. சிட்டி ஹார்வெஸ்ட் 2010ஆம் ஆண்டில் சன்டெக் மாநாட்டு மையத்தில் பங்கு வாங்க 310 மில்லியன் வெள்ளித் திட்டத்தை அறிவித்தது.

இவ்வளவு பெரிய தொகை ஒரே நாளில் சேராது. கட்டட நிதி ஆண்டுக்கணக்கில் வளர வேண்டும். வளரும் காலத்தில் அதைச் சும்மா வைத்திருந்தால் விலைவாசி அதன் மதிப்பைத் தின்றுவிடும். எனவே நிரந்தர வைப்பிலோ கடன் பத்திரத்திலோ போட்டுவைப்பதில் தவறில்லை. தேவாலயம் முதலீடு செய்யலாமா என்று அதிர்ச்சி அடைய வேண்டியதே இல்லை. இங்கிலாந்துத் திருச்சபையின் ஆணையர்கள் 10 பில்லியன் பவுண்டுக்கும் அதிகமான முதலீட்டை நிர்வகிக்கிறார்கள். அங்கேயும் சறுக்கல் உண்டு. 2013ஆம் ஆண்டில் கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பி, கொள்ளை வட்டிக்குக் கடன் கொடுக்கும் வோங்கா நிறுவனத்தைக் கண்டித்துப் பேசினார். அடுத்த நாளே, திருச்சபையின் பணத்தில் சுமார் 75,000 பவுண்டு சுற்றி வளைத்து அதே வோங்காவுக்குப் போயிருந்தது வெளிவந்தது. பேராயர் சங்கடத்தை ஒப்புக்கொண்டார். அதில் குற்றம் எதுவும் இல்லை. தன் பணம் எங்கே போகிறதென்று தனக்கே தெரியாத தர்மசங்கடம்தான்.

சிட்டி ஹார்வெஸ்ட் விவகாரம் வேறு வகை. கோங் ஹீ 1989ஆம் ஆண்டில் தொடங்கிய தேவாலயம் அது. 2002ஆம் ஆண்டில் ‘கிராஸ்ஓவர்’ என்ற திட்டம் பிறந்தது. கோங் ஹீயின் மனைவி சன் ஹோ பாப் பாடகியாக வெளியுலகில் பாடுவார். தேவாலயப் பக்கமே வராதவர்களை அவருடைய இசை ஈர்க்கும் என்பது எண்ணம். உறுப்பினர்கள் பலர் அதை மனதார ஆதரித்தார்கள். 2003ஆம் ஆண்டில், தேவாலயப் பணம் பாடகியை வளர்க்கப் பயன்படுகிறது என்று உறுப்பினர் ஒருவர் வெளிப்படையாகவே குற்றம் சாட்டினார். பின்னர் அவர் அதை மீட்டுக்கொண்டு நாளிதழ்களில் மன்னிப்புக் கேட்டார். கேள்வி கேட்டவர் மன்னிப்புக் கேட்ட அந்தக் காட்சி, மற்றவர்களுக்கு என்ன பாடம் சொல்லியிருக்கும் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

அந்தச் சலசலப்புக்குப் பின் எக்ஸ்ட்ரான் என்ற நிறுவனம் பாடகியின் நிர்வாகத்தைக் கவனித்தது. வெளியே பார்த்தால் தனி நிறுவனம். உள்ளே அதன் முடிவுகளைத் தீர்மானித்தவர்கள் கோங் ஹீயும் அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவர்களும்தான் என்று நீதிமன்றம் பின்னர் கண்டது. அமெரிக்காவில் இசைத்தொகுப்பு வெளியிடப் பெரும் பணம் தேவைப்பட்டது. கட்டட நிதியில் பணம் இருந்தது. 2007ஆம் ஆண்டிலிருந்து, ‘முதலீடு’ என்ற பெயரில் கட்டட நிதி எக்ஸ்ட்ரானின் கடன் பத்திரங்களுக்குப் போனது. 13 மில்லியன் வெள்ளி. அடுத்த ஆண்டு ஃபிர்னா என்ற இந்தோனீசியக் கண்ணாடிப் பொருள் நிறுவனத்தின் கடன் பத்திரங்களுக்கு 11 மில்லியன் வெள்ளி போனது. அந்த நிறுவனத்தின் உரிமையாளரும் தேவாலய உறுப்பினரே. அந்தப் பணத்திலும் பெரும்பகுதி பாடல் திட்டத்துக்கே போய்ச் சேர்ந்தது.

கடன் பத்திரம் என்றால் என்ன? ஒருவர் கடன் கொடுக்கிறார், இன்னொருவர் வாங்குகிறார், தவணை நாளில் வட்டியும் முதலும் வர வேண்டும். கொடுப்பவர், இவர் திருப்பித் தருவாரா என்று வாங்குபவரை எடைபோட வேண்டும். இங்கே கொடுத்த கையும் வாங்கிய கையும் ஒன்றாகவே இருந்தன. யாரும் யாரையும் எடைபோடவில்லை. இசைத்தொகுப்பு விற்றால் பணம் வரும். விற்காவிட்டால் வேறு வழி பார்க்கலாம் என்பதுதான் நிலை. இவை போலிக் கடன் பத்திரங்கள் என்று நீதிமன்றம் முடிவு செய்தது.

வேறு வழி பார்க்கும் நாளும் வந்தது. 2009ஆம் ஆண்டில் கணக்காய்வாளர்கள் இந்தப் பத்திரங்களைப் பற்றிக் கேள்வி எழுப்பினார்கள். கணக்கிலிருந்து அவற்றை அகற்றியாக வேண்டும். அதற்காகத் தேவாலயத்தின் பணமே 26.6 மில்லியன் வெள்ளி மீண்டும் வெளியே சென்றது. ஒரு பகுதி, நிதி நிர்வாகியிடம் புதிய முதலீடு என்ற பெயரில். இன்னொரு பகுதி, எக்ஸ்ட்ரானுக்கு முன்கூட்டிய வாடகை என்ற பெயரில். அந்தப் பணம் ஒரு சுற்றுச் சுற்றி, ‘கடன் தீர்ந்தது’ என்று தேவாலயத்துக்கே திரும்பி வந்தது. இடது சட்டைப்பையிலிருந்து எடுத்து வலது சட்டைப்பையில் வைத்துவிட்டு, கடன் வசூலானது என்று எழுதிவைப்பது போல. ஏட்டில் எல்லாம் சரி. இரண்டும் சேர்ந்து 50 மில்லியன் வெள்ளிக்கும் மேல்.

2010 மே மாதம் வர்த்தக விவகாரத் துறை விசாரணையைத் தொடங்கியது. 2012 ஜூன் மாதம் கைது நடவடிக்கை. 2015 அக்டோபர் 21ஆம் தேதி கோங் ஹீ உட்பட ஆறு பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. கோங் ஹீக்கு 8 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் பலரைக் குழப்பிய கேள்வி இதுதான்: பணம் தேவாலயத்துக்குத் திரும்பிவிட்டது, ஆறு பேரும் அதைத் தங்கள் சொந்த வங்கிக் கணக்கில் போட்டுக்கொள்ளவில்லை, அப்படியானால் யார் எதை இழந்தார்கள்? தேவாலயத்தின் நன்மைக்காகவே செய்கிறோம் என்று அவர்கள் நம்பியதை உயர் நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் குற்றம் குற்றமாகவே நின்றது. கட்டட நிதி என்று சொல்லி வாங்கிய பணம் கட்டடத்துக்கு உரியது, அல்லது அந்தக் கட்டடத்துக்காக உண்மையாக முதலீடு செய்யப்பட வேண்டியது. உறையின் மேல் இருந்த சொல்லை மாற்றும் உரிமை அதைப் பிரித்தவருக்கு இல்லை. பாடல் திட்டத்துக்கு என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தால் உறுப்பினர்களில் பலர் கொடுத்திருக்கவும் கூடும். கேட்கவில்லை என்பதுதான் வழக்கு.

2017 ஏப்ரல் மாதம் உயர் நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் தண்டனைகளைக் குறைத்தது. கோங் ஹீயின் 8 ஆண்டு மூன்றரை ஆண்டானது. பொதுமக்களில் பலருக்குக் கோபம். பணக்காரத் தேவாலயம் என்பதால் சலுகையா என்றுகூடக் கேட்டார்கள். காரணம் சட்டத்தின் ஒரு சொல்லில் இருந்தது. கடும் தண்டனை தரும் தண்டனைச் சட்டத்தின் 409ஆம் பிரிவு, முகவராகத் தொழில் செய்பவர்கள் போன்றோருக்கே அப்போது பொருந்தியது. ஓர் அமைப்பின் இயக்குநர் அந்த வகையில் முகவர் ஆகமாட்டார் என்று நீதிபதிகள் கண்டனர். 2018 பிப்ரவரி 1ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. ஓட்டையை அடைப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்றது. நாடாளுமன்றம் 2019ஆம் ஆண்டில் சட்டத்தைத் திருத்தியது. 2020 முதல், நம்பிக்கை மோசடி செய்யும் இயக்குநர்கள் மீதும் அந்தக் கடும் பிரிவு பாயும்.

இது கிறிஸ்துவர்களுக்கு மட்டும் உரிய கதை என்று நினைப்பவர்கள், சவுத் பிரிட்ஜ் சாலை ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். அங்கே தலைமை அர்ச்சகராக இருந்தவர் 2016 முதல் 2020 வரை அம்மன் நகைகளைத் திரும்பத் திரும்ப அடகு வைத்தார். கணக்கெடுப்பு நெருங்கும்போது, வேறு நகைகளை அடகு வைத்தோ கடன் வாங்கியோ பழையவற்றை மீட்டு வைத்துவிடுவார். நகைகள் எல்லாம் கோயிலுக்குத் திரும்பிவிட்டன. ஆனாலும் 2023 மே மாதம் அவருக்கு 6 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. இதில் சொந்தத் தேவை இருந்தது, அதில் இல்லை என்ற வேறுபாடு பெரியதுதான். ஆனால் சுற்றிச் சுற்றி மூடி மறைத்த விதம் இரண்டிலும் ஒன்று. ‘சிவன் சொத்து குல நாசம்’ என்று சொல்லி வளர்ந்த சமுதாயத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அமெரிக்காவில் இன்னொரு கோணம். மோர்மன் திருச்சபை என்று அறியப்படும் அமைப்பு, உறுப்பினர்களின் தசமபாகத்தில் மிஞ்சியதை என்சைன் பீக் என்ற நிறுவனத்தின் வழி முதலீடு செய்து வந்தது. அது சுமார் 100 பில்லியன் அமெரிக்க டாலராகப் பெருகிவிட்டதாக 2019ஆம் ஆண்டில் அங்கே வேலை செய்த ஒருவர் புகார் கொடுத்தார். பங்குகள் யாருடையவை என்று தெரியாதிருக்க 13 பெயரளவு நிறுவனங்களைப் பயன்படுத்தியதற்காக, 2023 பிப்ரவரியில் பங்குச் சந்தை ஆணையம் இரு தரப்புக்கும் சேர்த்து 5 மில்லியன் டாலர் அபராதம் விதித்தது. பணம் காணாமல் போகவில்லை, நன்றாகவே வளர்ந்தது. இவ்வளவு இருக்கிறதென்று தெரிந்தால் மக்கள் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற கவலையை, அந்த நிதியை நடத்தியவரே 2020ஆம் ஆண்டில் செய்தியாளரிடம் ஒப்புக்கொண்டார். மறைப்பதற்கு நட்டம்தான் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை.

சிங்கப்பூரில் பதிவுபெற்ற அறநிறுவனங்களின் நிதி அறிக்கைகளை அறநிறுவன ஆணையரின் இணையத்தளத்தில் பார்க்கலாம். தேவாலயமானாலும் கோயிலானாலும் அங்கே தேடலாம். பெரிய எண்களைப் பார்த்து மலைக்க வேண்டாம். பின்பக்கத்துக் குறிப்புகளைப் புரட்டினால் இரண்டு இடங்கள் போதும். ஒன்று, குறிப்பிட்ட நோக்கத்துக்கான நிதிகள்: கட்டட நிதியில் இந்த ஆண்டு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, எதற்குப் போனது என்று அங்கே இருக்கும். மற்றொன்று, தொடர்புடைய தரப்பினருடன் நடந்த கொடுக்கல் வாங்கல்: நிர்வாகக் குழுவினருக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ சொந்தமான நிறுவனங்களுக்குப் பணம் போயிருந்தால் அங்கே எழுதியிருக்க வேண்டும்.

அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் யாருக்கு வாக்கு என்பது. சிட்டி ஹார்வெஸ்டில் வாரந்தோறும் பல்லாயிரம் பேர் காணிக்கை கொடுத்தார்கள். பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமை, தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாக உறுப்பினர்களுக்கு மட்டுமே இருந்தது.