ஒரே ஒரு தொடையெலும்பு... செத்துப்போன ஆளின் உயரத்தையே சொல்லிவிடும், தெரியுமா?

எப்படி என்று பிறகு சொல்கிறேன். முதலில், மின்னஞ்சல் காலத்தில் சுற்றிய அந்த ராட்சத எலும்புக்கூட்டுப் படம் நினைவிருக்கிறதா? குழிக்குள் ஒரு பிரம்மாண்டமான எலும்புக்கூடு. மண்டையோட்டுக்குப் பக்கத்தில் தோண்டிக்கொண்டிருக்கும் மனிதர் எறும்பு மாதிரி தெரிவார். வட இந்தியப் பாலைவனத்தில் கடோத்கசன் கிடைத்துவிட்டான் என்று கீழே எழுதியிருக்கும். அந்தக் குழி உண்மையில் எங்கே இருக்கிறது தெரியுமா? அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில்! 2000-ல் அங்கே மாஸ்டோடான் என்ற ஆதிகால யானை உறவுக்காரனின் எலும்புகளைத் தோண்டினார்கள். அந்தப் புகைப்படத்தில் ஒரு மனித எலும்புக்கூட்டை ஒட்டவைத்து, 2002-ல் இணையத்தில் நடந்த படப் போட்டிக்கு ஒருவர் அனுப்பினார். விஷயம் அவ்வளவுதான். கடோத்கசன் மட்டும் இன்றுவரை குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சாகாவரம் பெற்று உலவுகிறான்.

நம்மவர்களை மட்டும் கேலி செய்ய வேண்டாம். 1677-ல் ராபர்ட் பிளாட் என்ற ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர் ஒரு பெரிய எலும்புத் துண்டை ஆராய்ந்து, படம் வரைந்து புத்தகத்திலும் போட்டு, அது ஓர் அரக்க மனிதனின் தொடையெலும்பு என்று முடிவுகட்டினார். அது டைனோசரின் எலும்பு! டைனோசர் என்ற சொல்லே பிறக்காத காலம், பாவம் அவர் என்ன செய்வார்?

சரி, நிஜ ராட்சதன் ஒருவன் இருந்தான். அயர்லாந்தின் சார்லஸ் பர்ன். உயிரோடு இருந்தபோது எட்டடிக்கு மேல் உயரம் என்று விளம்பரம் செய்து லண்டனில் காசு வாங்கிக் காட்டினார்கள். 1783-ல் இறந்தான். எலும்புக்கூட்டை அளந்தால் 231 சென்டிமீட்டர், அதாவது ஏழடி ஏழு அங்குலம்தான். பூமிக்கு மேலே இருக்கும்வரை மனிதன் எத்தனை அங்குலம் வேண்டுமானாலும் கூட்டிச் சொல்லலாம், எலும்பு கூட்டிச் சொல்லாது. அவனுடைய பல்லிலிருந்து எடுத்த மரபணுவை ஆராய்ந்து 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். பர்னை அப்படி வளரவைத்த அதே மரபணுக் கோளாறு வட அயர்லாந்தில் இன்று வாழும் சிலரிடமும் இருக்கிறது!

முழு எலும்புக்கூடு கிடைத்தால் அளக்கலாம், ஒரே ஓர் எலும்பு கிடைத்தால்? அதுவும் போதும். மனிதனின் உயரத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் தொடையெலும்புதான், ஏறக்குறைய 27 சதவீதம். ஒரு முனையில் நிலையான கட்டையும் மறுமுனையில் நகரும் கட்டையும் உள்ள பலகையில் எலும்பைப் படுக்கவைத்து நீளம் பார்ப்பார்கள். அந்த நீளத்தை 2.38-ஆல் பெருக்கி 61.41 கூட்ட வேண்டும். 45 சென்டிமீட்டர் தொடையெலும்பு என்றால் ஆளின் உயரம் சுமார் 168.5 சென்டிமீட்டர். மூன்றேகால் சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம். இந்தக் கணக்கு ஐரோப்பிய வம்சாவளி ஆண்களுக்கு உரியது. பெண்களுக்கு வேறு, வேறு மக்களுக்கு வேறு. கால் நீண்டு உடல் குட்டையான மக்களும் உண்டு, நேர்மாறானவர்களும் உண்டு அல்லவா?

இந்தக் கணக்கைத் தந்தவர் யார் தெரியுமா? மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் பேராசிரியை. 1948-ல் ஹவாய்க்குப் போனார். இரண்டாம் உலகப் போரில் மாண்ட அமெரிக்க வீரர்களின் எலும்புகள் அங்கே அடையாளம் காண்பதற்காகக் குவிந்திருந்தன. எலும்புகளை அவர் அளந்தார். ராணுவத்தில் சேர்ந்த அன்று அதே வீரர்களை நிற்கவைத்து எடுத்த உயரம் காகிதத்தில் பதிவாகியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்! அதற்கு முன் பிணத்தைக் கிடத்தி அளந்த கணக்குகள்தான் இருந்தன. கிளெஸர் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து அவர் 1952-ல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் தடயவியல் துறையின் வேதமாயிற்று.

வேதத்திலும் ஒரு பிழை! முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பை அளக்கும்போது, கணுக்காலின் உட்புறம் துருத்திக்கொண்டிருக்கும் முனையை டிராட்டர் சேர்க்காமல் விட்டிருக்கிறார். சேர்த்ததாகத்தான் எழுதிவைத்திருந்தார். நாற்பது ஆண்டு யாருக்கும் தெரியவில்லை. 1990-களில்தான் கண்டுபிடித்தார்கள். அந்த முனையையும் சேர்த்து அளந்து அவர் கணக்கில் போட்டவர்களெல்லாம், செத்தவர்களை இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் வரை உயர்த்திவிட்டிருந்தார்கள்.

இன்னொன்று கேளுங்கள். தென்மாவட்டக் கிராமங்களில் முதுமக்கள் தாழியைப் பற்றிப் பாட்டிமார் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஆட்கள் லேசில் சாகமாட்டார்களாம். வயதாக ஆகச் சுருங்கிச் சுருங்கிக் கைக்குழந்தை அளவுக்கு வந்துவிடுவார்களாம். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போனால் சோறும் தண்ணீரும் வைத்துத் தாழிக்குள் உட்காரவைத்துவிடுவார்களாம். கதையின் முக்கால்வாசி கட்டுக்கதை. பல தாழிகளில் இருப்பது, உடல் மக்கிய பிறகு பொறுக்கியெடுத்து இட்ட எலும்புகள். ஆனால் சுருங்குவது பொய்யில்லை! முப்பது வயதுக்குமேல் ஆண்டுக்கு 0.06 சென்டிமீட்டர் குறையும் என்று டிராட்டரே கணக்கு வைத்திருக்கிறார். எழுபது வயதில் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் போயிருக்கும். பாட்டி சொன்னதில் அளவுதான் தப்பு.

இப்போது பெரிய கேள்வி. அந்தக் காலத்து ஆட்கள் நம்மைவிட உயரமா, குட்டையா? ‘எல்லாரும் ஏழடி’ என்பார் தாத்தா. ‘எல்லாரும் குள்ளம், நாம்தான் வளர்ந்துவிட்டோம்’ என்பான் பேரன். இரண்டு பேருமே தப்பு!

கிரேக்கத்திலும் துருக்கியிலும் கிடைத்த எலும்புகளை லாரன்ஸ் ஏஞ்சல் என்ற அறிஞர் காலவரிசைப்படி அடுக்கினார். வேட்டையாடித் திரிந்த காலத்து ஆண்களின் சராசரி 177 சென்டிமீட்டர். பயிர்செய்து ஊரில் உட்கார்ந்த பிறகு, கி.மு. 3000-ஐ ஒட்டி, 161. விவசாயம் வந்து வயிறு நிறைந்தது என்று பள்ளியில் படித்தோமே! வயிறு நிறைந்ததென்னவோ உண்மைதான். ஆனால் ஒரே தானியத்தால் நிறைந்தது. இறைச்சி, கிழங்கு, பழம் என்று பலவகைச் சாப்பாடு சுருங்கியது, நெருக்கமாக வாழ்ந்ததால் நோய் பெருகியது. நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்தின் பிரதாப்கர் மாவட்டத்தில், சராய் நாஹர் ராய் என்ற இடத்தில் வேட்டைக் காலத்து மனிதர்களின் புதைகுழிகள் கிடைத்தன. அங்கே ஆறடியைத் தொட்ட ஆண்கள் இருந்தார்கள்!

ஐரோப்பாவில் இன்னும் வேடிக்கை. ‘இருண்ட காலம்’ என்று பெயர் வாங்கிய முன்-இடைக்காலத்தில், 9 முதல் 11-ஆம் நூற்றாண்டு வரை, வட ஐரோப்பிய ஆண்களின் சராசரி 173 சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தது. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் 167! ஷேக்ஸ்பியருக்குப் பிறகு, நியூட்டனின் காலத்தில், அறிவு உயர உயர ஆள் ஆறு சென்டிமீட்டர் குட்டையாகிவிட்டான். ரிச்சர்ட் ஸ்டெக்கல் என்ற பொருளாதார வரலாற்றாசிரியர் 2004-ல் இதை எழுதினார். குளிர்ந்த பருவம், ஜனம் நெரிந்த நகரம், ஊர்விட்டு ஊர் பரவிய நோய், ஏழை பணக்காரன் இடைவெளி என்று காரணங்களை அடுக்கினார்.

பிறகு ஏறிய ஏற்றமும் சாதாரணமல்ல. 1896-ல் பிறந்த தென்கொரியப் பெண்ணைவிட 1996-ல் பிறந்த தென்கொரியப் பெண் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயரம். ஒரே நூறு ஆண்டு!

உயரம் குறைந்ததற்குப் பல்லே சாட்சி சொல்லும் என்றால் நம்புவீர்களா? குழந்தைப் பருவத்தில் பட்டினியோ கடும் காய்ச்சலோ வந்தால் வளர்ச்சி கொஞ்ச நாள் நின்றுபோகும். அந்த நிறுத்தம் பல்லின் எனாமலில் குறுக்குக் கோடாக விழும். எலும்பு தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும், எனாமலுக்கு அந்த வசதி இல்லை. ஆயிரம் ஆண்டு கழித்தும் கோடு அப்படியே இருக்கும்.

கென்யாவின் துர்க்கானா ஏரிப் பக்கம் 1984-ல் கமோயா கிமேயு என்பவர் கண்டுபிடித்த, 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சிறுவனின் எலும்புக்கூட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வளர்ந்திருந்தால் 185 சென்டிமீட்டர் வந்திருப்பான் என்றார்கள் முதலில். பிறகு வந்தவர்கள், அவன் சாகும்போதே பெரும்பாலும் வளர்ந்து முடித்துவிட்டான், 163 தான் வந்திருப்பான் என்றார்கள். நடந்து முடிந்த வாழ்க்கையை எலும்பில் படிக்கலாம். நடக்காத வாழ்க்கையைப் படிக்கப் போனால்தான் தகராறு.

உங்கள் உயரத்தை அளக்க நினைத்தால் காலையில் எழுந்ததும் அளந்துகொள்ளுங்கள். முதுகெலும்பின் வட்டுகள் பகலெல்லாம் அழுந்தி, சாயங்காலத்துக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் காணாமல் போயிருக்கும்!