செய்மதியும் மீன்பிடித் தளங்களும்

கலஹாவின் தேயிலை மலைகளிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆயினும் இங்குள்ள கடைகளுக்கு வரும் சூரை மீன், பலநாட் படகொன்று ஆழ்கடலில் பிடித்துப் பனிக்கட்டியில் இட்டுக் கொண்டுவந்ததாக இருக்கலாம். அப்படகு மீனைத் தேடி அலையும் ஒவ்வொரு நாளும் டீசல், பனிக்கட்டி, உணவு ஆகியவற்றுக்கான செலவு கூடுகிறது. போதிய மீனின்றித் திரும்பினால் அச்செலவு கடனாக மாறும். தேடும் காலத்தைக் குறைப்பதற்கே செய்மதித் தரவுகள் உதவுகின்றன.

செய்மதி மீனைப் பார்க்கிறதா?

இல்லை. விடை எழுதும்போது மாணவர் இவ்விடத்தில் தவறக்கூடாது. நீருக்குள் இருக்கும் மீன் செய்மதிக்குத் தெரியாது. மீன் கூடுவதற்கு ஏற்ற நிலைமைகளையே அது அளவிடுகிறது. அவற்றுள் முக்கியமானவை மூன்று.

1. கடலின் நிறம்: தேயிலை இலையைப் பச்சையாக்கும் அதே பச்சையம் கடலில் மிதக்கும் தாவரப் பிளாந்தன்களிலும் உண்டு. அவை பெருகும்போது கடலின் நீல நிறம் பச்சையை நோக்கி மாறும். கடல் நிறத்தை விண்வெளியிலிருந்து அளவிடும் முதற் கருவி, 1978 இல் ஏவப்பட்ட நிம்பஸ்-7 செய்மதியில் பொருத்தப்பட்டிருந்தது.

2. மேற்பரப்பு வெப்பநிலை: கடல் வெளிவிடும் செங்கீழ்க் கதிர்களைக் கொண்டு இது கணிக்கப்படுகிறது. குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் எல்லைகளில் இரை திரள்வதால் பெரிய மீன்களும் அங்கு வருகின்றன.

3. கடல் மட்ட உயரம்: ரேடார் மூலம் அளவிடப்படுகிறது. இதிலிருந்து பெரிய நீர்ச்சுழிகளின் இருப்பிடத்தை அறியலாம்.

உணவுச் சங்கிலியுடன் தொடர்பு

தாவரப் பிளாந்தன் → விலங்குப் பிளாந்தன் → சிறு மீன் → சூரை

தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் போசணை மிக்க குளிர்நீர் ஆழத்திலிருந்து மேலெழுகிறது. இதனால் அங்கு தாவரப் பிளாந்தன்கள் பெருகுகின்றன. எனினும் சங்கிலியின் ஒவ்வொரு படிக்கும் காலம் தேவை. ஆகவே இன்று பச்சையாகத் தெரியும் இடத்தில் இன்றே சூரை இருக்கும் எனக் கூறமுடியாது.

தகவலை வழங்கும் நிறுவனங்கள்

இலங்கையில் 1981 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி உருவாக்கப்பட்ட ‘நாரா’ நிறுவனம், செய்மதித் தரவுகளை ஆராய்ந்து மீன்பிடித் தளங்களை எதிர்வுகூறுகிறது. இந்தியாவில் 1999 இல் ஹைதராபாத்தில் அமைக்கப்பட்ட ‘இன்காய்ஸ்’ நிறுவனம், இறங்குதுறையிலிருந்து தளம் அமைந்துள்ள திசை, தூரம், ஆழம் ஆகியவற்றைத் தமிழ் உட்படப் பல மொழிகளில் அறிவிக்கிறது.

வரையறைகள்

• செங்கீழ்க் கதிர்களும் ஒளியும் முகிலை ஊடுருவ மாட்டா. எனவே மேகமூட்டமான நாட்களில் தரவு கிடைப்பது குறைவு.
• நீரோட்டம் தளங்களை நகர்த்துவதால் எதிர்வுகூறல் சில நாட்களுக்கே பொருந்தும்.
• எல்லாப் படகுகளும் ஒரே இடத்தில் குவிந்து அளவுக்கு மீறிப் பிடித்தால் மீன்வளம் குன்றும். மீன் எங்கே கூடும் என்பதைச் செய்மதி காட்டலாம். எவ்வளவு பிடிப்பது என்பதை மனிதரே தீர்மானிக்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. கடலின் நிறத்தைக் கொண்டு மீன்பிடித் தளத்தை எதிர்வுகூறுவது எவ்வாறு என உணவுச் சங்கிலியின் துணையுடன் விளக்குக.
2. செய்மதித் தரவுகளைப் பயன்படுத்துவதால் கடற்றொழிலாளர் பெறும் நன்மை ஒன்றையும், இம்முறையின் வரையறை ஒன்றையும் தருக.