விற்கும் முட்டையும் வீட்டு முட்டையும்

மகாவலித் திட்டத்தின் கீழ் கட்டப்பட்ட விக்டோரியா அணைக்கட்டு 1985ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டது. அதன் நீர்த்தேக்கத்தினுள் பழைய தெல்தெனிய நகரும் சுற்றியிருந்த வயல்களும் மூழ்கின. இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பல கிராந்துருகோட்டை முதலிய மகாவலிக் குடியேற்றங்களுக்குச் சென்றன. வேறு பல திகன, குண்டசாலைப் பகுதிகளின் மேட்டுக் காணிகளில் அமர்ந்தன.

அணைக்கட்டோ, போரோ, மண்சரிவோ, எதனால் ஊரை விட்டு வந்தாலும் வயலைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. கோழியைக் கூடையில் வைத்துக் கொண்டு வரலாம். புதிய இடத்தில் முதல் விளைச்சல் தருவதும் பெரும்பாலும் அதுவே. ஆனால், கிடைக்கும் முட்டை அத்தனையும் கடைக்குப் போய், வீட்டுப் பிள்ளைகள் சோறும் சம்பலும் மட்டும் உண்பதைப் பல வீடுகளில் காண்கிறோம். கைக்காசு தேவைதான். என்றாலும் வீட்டுக்கென ஒரு பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தை விற்பதே நல்ல கணக்கு.

யாருக்கு முதலில்?

ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. வைட்டமின் ஏ, பி12 ஆகியனவும் உண்டு. கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இவை அவசியம். 6 மாதம் முதல் 2 வயது வரையான குழந்தைகளுக்குத் தினமும் முட்டை, மீன், இறைச்சி போன்ற உணவு சேரவேண்டும் என உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டல் கூறுகிறது. நன்றாக அவித்த முட்டையை மசித்துச் சோற்றுடன் ஊட்டலாம். கோது வெள்ளையோ கபிலமோ, சத்து ஒன்றே.

முட்டையில் வைட்டமின் சி இல்லை. ஆகவே கீரையும் தேசிக்காய்ப் புளியும் சேருங்கள். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேரவும் தேசிக்காய் உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அந்த இரும்புச்சத்து வீணாகும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

எந்த முட்டை எந்தக் கறிக்கு?

முட்டைக் கோதில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் குறைந்து காற்று நிறையும். சமைக்குமுன் முட்டையைத் தண்ணீரில் இட்டுப் பாருங்கள். அடியிற் படுத்துக் கிடந்தால் புதியது. அடியில் நிமிர்ந்து நின்றால் சற்று நாட்பட்டது, ஆனால் சமைக்கலாம். மிதந்தால் விலக்கிவிடுங்கள்.

அன்று இட்ட முட்டையை அவித்தால் வெள்ளைக்கரு தோலோடு ஒட்டிக்கொண்டு வரும். எனவே புதிய முட்டையைப் பொரிக்கவும் சொதியில் உடைத்து விடவும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிழமை சென்றதை அவியுங்கள். முட்டையைக் கழுவி அடுக்க வேண்டாம். கோதின் மேலுள்ள காப்புப் படை போய்விடும். அழுக்கைத் துடைத்து, நிழலான குளிர்ந்த இடத்தில் வையுங்கள். சமைக்கும் வேளையில் மட்டும் கழுவுங்கள்.

ஆறு பேருக்கு மூன்று முட்டை

*முருங்கையிலைச் சுண்டல்:* வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையைச் சிறிது எண்ணெயில் வதக்கி, இரண்டு பெரிய கைப்பிடி முருங்கையிலை சேருங்கள். இலை வதங்கியதும் மூன்று முட்டையை உப்பு, மஞ்சளுடன் அடித்து ஊற்றிக் கிளறுங்கள். உதிர்ந்து வந்ததும் ஒரு கைப்பிடி தேங்காய்ப்பூச் சேர்த்து இறக்கித் தேசிக்காய் பிழியுங்கள்.

*முட்டைச் சொதி:* வெங்காயம், பச்சைமிளகாய், மஞ்சள், உப்புடன் இரண்டாம் பாலைக் கொதிக்கவிட்டு, அடுப்பைத் தணியுங்கள். முட்டையை முதலில் ஒரு கோப்பையில் உடைத்துப் பார்த்து, ஒவ்வொன்றாகச் சொதியில் விடுங்கள். கிளறவேண்டாம். மஞ்சட்கரு இறுகும்வரை ஏழெட்டு நிமிடம் விட்டு, முதற்பால் சேர்த்து இறக்கியபின் புளி விடுங்கள். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் நல்லது.

*ஈரப்பலாக்காய் முட்டைக்குழம்பு:* காயைத் துண்டாக்கி, மிளகாய்த்தூளும் இரண்டாம் பாலும் விட்டு அவியுங்கள். வேறாக மூன்று முட்டையைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் அவித்து, பச்சைத் தண்ணீரில் இட்டுத் தோலுரித்து, பாதியாக வெட்டுங்கள். முதற்பாலுடன் குழம்பிற் சேருங்கள். ஆளுக்குப் பாதி முட்டை வரும். ஈரப்பலா இல்லாத காலத்தில் உருளைக்கிழங்கு போதும்.

பச்சை முட்டை வேண்டாம்

பூப்பெய்திய பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்ற தாய்க்கும் பச்சை முட்டையை நல்லெண்ணெயுடன் கொடுக்கும் வழக்கம் உண்டு. கோழி எச்சத்தின் மூலம் வரும் சல்மொனெல்லா கிருமி வாந்தியையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும். முட்டையை நல்லெண்ணெயிற் பொரித்துக் கொடுங்கள். வழக்கமும் நிற்கும், உடம்பும் பிழைக்கும். முட்டையைத் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவ மறவாதீர்கள்.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிற் கோழித்தீன் விலை ஏறியது. முட்டைக்கு நாடெங்கும் தட்டுப்பாடு வந்து, 2023இல் இந்தியாவிலிருந்து இறக்குமதி செய்யப்பட்டது. தவிட்டையும் சோற்று மிச்சத்தையும் கொத்தித் தின்னும் நாட்டுக்கோழி நான்கு இருந்த வீடு, அந்நாட்களில் கடையை நம்பியிருக்கவில்லை.

நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்காரும். தொடர்ந்து முட்டை வராது. ஆகவே சுவர்க் கலண்டரில் ஒவ்வொரு கிழமையும் மூன்று எண்களைக் குறியுங்கள்: கிடைத்தது, வீட்டில் உண்டது, விற்றது. இரண்டாவது எண் பூச்சியமாக இருக்கும் கிழமை உங்கள் வீட்டில் வராதிருக்கட்டும்.