மனப்பதற்ற மருந்தும் கிரிவலமும்

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலையை 14 கிலோமீட்டர் வலம்வரும் பக்தர்களுள், மனப்பதற்றத்திற்காக அல்பிரசோலம், டயசெபாம் முதலிய மாத்திரைகளை உட்கொள்வோர் எவரேனும் இருப்பின், நடுவழியில் கண் சொருகுவதும் கால் தள்ளாடுவதும் அண்ணாமலையாரின் சோதனையன்று, மூளையின் கிளர்ச்சியைத் தணிக்கும் அம்மருந்தின் இயல்பான விளைவே என்பதை அறிந்திருத்தல் அவசியம். 1960களில் உலகெங்கும் பிரசித்தி பெற்ற இவ்வகை மருந்துகள், நாட்பட உண்டால் ஞாபகத்தை மங்கச் செய்வதுடன், திடீரென நிறுத்தினால் உறக்கத்தைக் கெடுத்து, சில சமயம் வலிப்பையும் உண்டாக்கவல்லவை. மதுவோடு சேர்ந்தால் சுவாசமே தடைப்படக்கூடும்.

மனப்பதற்றத்திற்கே தரப்படும் வேறு வகை மருந்துகளான செர்ட்ராலின் போன்றவையோ, ஆரம்ப வாரங்களில் குமட்டலையும், விந்தையாகப் பதற்றத்தையுமே சற்று மிகுவித்து, பிறகே குணங்காட்டும். பலர் பொறுமையிழந்து கைவிடுவது இக்கட்டத்தில்தான். இம்மருந்துகளால் தாம்பத்திய நாட்டம் குன்றுவதை வைத்தியரிடம் சொல்ல நாணுவோரும் உளர். அந்நாணம் அநாவசியம், மாற்று மருந்துகள் உண்டு.