வாள் வீட்டில், நீங்கள் விடுதியில்

கடலூரில் வீடு, சிதம்பரத்தில் படிப்பு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்து, விடுதிக்கு மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தலையணை, பக்கெட், பூட்டு, மேசை விளக்கு எல்லாம் ஆயிற்று. கூடத்துச் சுவரில் ஒரு வாள் தொங்குகிறது. கட்சிக் கூட்டத்தில் தாத்தாவுக்குக் கொடுத்த வீரவாளாக இருக்கலாம். சிலம்பப் போட்டியில் நீங்களே ஜெயித்த பரிசாக இருக்கலாம். ஜெய்ப்பூர் சுற்றுலாவில் அப்பா பேரம் பேசி வாங்கியதாகவும் இருக்கலாம். அதை என்ன செய்வது?

வழி மூன்று. கூடவே எடுத்துப் போகலாம். சுவரிலேயே விட்டுவிட்டுப் போகலாம். முறையாகத் துடைத்து, சுற்றி, பூட்டி வைத்துவிட்டுப் போகலாம். முதல் வழியில் உங்களுக்கு ஆபத்து. இரண்டாவதில் வாளுக்கு ஆபத்து. மூன்றாவதற்கு ஒரு மணி நேர வேலை போதும்.

என் அறையில் ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டுமே?

வேண்டாம். உங்களுக்கு அது நினைவுப் பொருள்; வார்டன் கண்ணுக்கு அது ஆயுதம். விடுதியில் சேரும்போது கையெழுத்துப் போட்ட விதிமுறைத் தாளை எடுத்து ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அறையில் என்னென்ன இருக்கக் கூடாது என்பது அதில்தான் இருக்கும்.

விதியை விடுங்கள். பக்கத்து அறையில் இரண்டு பேருக்குள் தகராறு வருகிறது என்று வையுங்கள். உங்கள் கட்டிலுக்கடியில் வாள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். யார் எடுத்தாலும், கடைசியில் அது யாருடையது என்றுதான் கேட்பார்கள்.

முனை மழுங்கிய அலங்கார வாள்தானே, அதுவுமா ஆயுதம்?

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், தாக்கவோ தற்காத்துக்கொள்ளவோ உருவாக்கப்பட்ட கூர்மையான பொருள்களையும் ஆயுதம் என்றே சொல்கிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆனவற்றுக்கு விலக்கு உண்டு. விளையாட்டுப் பொருளாக மட்டுமே பயன்படக்கூடிய, நிஜ ஆயுதமாக மாற்றவே முடியாத பொருளுக்கும் விலக்கு உண்டு.

கடைசி வரியைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் வாள் அதில் தப்பிவிடும். இரும்பு வாளின் கதை வேறு. இன்று மழுங்கியிருந்தாலும், சாணை பிடிப்பவரிடம் கொடுத்தால் நாளைக்கே கூர்மையாகிவிடும். ஆகவே ‘அலங்காரம்தான்’ என்ற ஒரு சொல்லை நம்பி வெளியே எடுத்துப் போகாதீர்கள்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் பட்டியலில் வாள் பெயர் சொல்லியே இடம்பெறுகிறது. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு (வாளின் தகட்டுப் பகுதி) கொண்டவையும் அதே வகையில் வருகின்றன. சுவரில் தொங்கும் வாள் பெரும்பாலும் இந்த அளவைத் தாண்டியதுதான்.

அப்படியானால் வீட்டில் வைத்திருப்பதே குற்றமா?

அப்படி ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. துப்பாக்கிக்கு எங்கேயும் உரிமம் வேண்டும். வாள் போன்றவற்றுக்கு, மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டிருக்கும் பகுதிகளில் உரிமம் வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நான்காவது பிரிவு. ஆகவே பதில் இடத்தைப் பொறுத்தது. தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் உங்கள் ஊர் நிலவரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீது, பரிசு கொடுத்த சான்றிதழ், மேடையில் வாங்கும்போது எடுத்த பழைய படம் ஆகியவற்றை ஒரு உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டில் இருப்பது ஒன்று, தெருவில் எடுத்துப் போவது இன்னொன்று. திருவிழா, ஊர்வலம், பதற்றம் என்று வரும்போது தடை உத்தரவு போடுவார்கள். முன்பு 144 என்று சொன்னோமே, அது 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 163ஆம் பிரிவு. அந்த நேரத்தில் பையில் வாளோடு பஸ் ஏறினால், ரசீதைக் காட்டி விளக்கம் சொல்லும் இடம் காவல் நிலையமாகத்தான் இருக்கும்.

படம் எடுத்துப் போடலாமா?

வாளை மட்டும் படம் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள், நல்லது. கையில் பிடித்தபடி ரீல்ஸ் போடாதீர்கள். பிறந்த நாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டி, அந்த வீடியோவாலேயே வழக்கில் மாட்டிக்கொண்ட இளைஞர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் எத்தனை முறை செய்தி படித்திருப்பீர்கள்! வேடிக்கைக்குச் செய்தோம் என்பது அங்கே எடுபடவில்லை.

கல்லூரி ஆண்டு விழாவில் கட்டபொம்மன் வேடமா? அதற்கு அட்டைக்கத்தி போதும். வெள்ளித் தாள் ஒட்டினால், பத்தாவது வரிசையில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

வங்கி லாக்கரில் வைக்கலாமா?

முடியாது. லாக்கர் நகைக்கும் பத்திரத்துக்கும்தான். ஆயுதம் வைக்க ஒப்பந்தம் இடம் கொடுக்காது. மூன்றடி வாள் அந்தப் பெட்டிக்குள் நுழையவும் நுழையாது.

சரி, வீட்டில் விட்டுவிடுகிறேன். யாரிடம்?

வீட்டில் வயது வந்த ஒருவர் பொறுப்பில். ‘இது இங்கே இருக்கிறது, சாவி உங்களிடம்’ என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள். தம்பி தங்கைகளுக்குச் சாவி இருக்கும் இடம் தெரிய வேண்டாம். நீங்கள் போனபின் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால், நெருங்கிய சொந்தக்காரர் வீட்டில் விடுங்கள். பெரியவர் ஒருவர், நன்றாகச் சுற்றிக் கட்டி, ரசீதோடு காரில் கொண்டுபோய்ச் சேர்க்கட்டும். நீங்கள் தனியாக பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போக வேண்டாம்.

சுவரில் இருந்தால் என்ன கெட்டுப்போகும்?

உங்கள் வீட்டு ஜன்னல் கம்பியைப் பாருங்கள். தேவனாம்பட்டினம் பக்கமோ முதுநகர் பக்கமோ இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். பெயின்ட் உரிந்த இடமெல்லாம் செம்மண் நிறம். கடல் காற்று உப்பைத் தூக்கி வருகிறது. அந்த உப்பு இரும்பின் மேல் படிந்து, காற்றின் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. துரு அங்கேதான் தொடங்குகிறது.

துரு என்றால் என்ன? இரும்பு தன் பழைய மண் நிலைக்குத் திரும்புவதுதான். கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் ரயில் பரங்கிப்பேட்டை வழியாகப் போகும். 1830களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் அங்கே ஓர் இரும்பாலை நடத்தினார். சேலத்துத் தாதுவைக் கொண்டுவந்து, கரி போட்டு எரித்து, இரும்பைப் பிரித்தெடுத்தார்கள். அங்கே நெருப்பு செய்த வேலையை, உங்கள் வீட்டுச் சுவரில் கடல் காற்று சத்தமில்லாமல் திருப்பிச் செய்துகொண்டிருக்கிறது.

எவர்சில்வர் வாள் துருப்பிடிக்காதே?

சாதா இரும்பு அளவுக்குப் பிடிக்காது. ஆனால் உப்புக்காற்றில் எவர்சில்வரும் புள்ளி புள்ளியாக அரிக்கும். அந்தப் புள்ளிகள் குழிகளாகிவிட்டால் பிறகு எந்தத் துணியாலும் போகாது.

எப்படித் துடைப்பது?

முதலில் வாளை உருவும் விதம். உறையை முழுக் கையாலும் சுற்றிப் பிடிக்காதீர்கள். பழைய மர உறையின் ஒட்டு விட்டிருந்தால், உருவும்போது அலகு அதைப் பிளந்துகொண்டு விரலில் இறங்கும். அலகின் முதுகுப் பக்கமாக உறையைப் பிடித்து, மெதுவாக இழுங்கள்.

அலகை வெறுங்கையால் தொடாதீர்கள். வியர்வையிலும் உப்பு இருக்கிறது. விருந்தாளி ஒருவர் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே மாட்டிய வாளை மழைக்காலம் கழித்து எடுத்துப் பாருங்கள். அவருடைய பெருவிரல் ரேகை, கோடு கோடாகத் துருவிலேயே பதிந்திருக்கும்.

துவைத்துக் காய்ந்த பழைய வேட்டித் துணியில் கொஞ்சம் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்டு, பிடிப் பக்கத்திலிருந்து முனையை நோக்கித் துடையுங்கள். மேலே வார்னிஷ் அடித்த வாள் என்றால் ஸ்பிரிட் அதைக் கரைத்துவிடும். வெறும் உலர்ந்த துணி போதும். சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு துளி வைத்துப் பாருங்கள்.

பிறகு தையல் மிஷின் எண்ணெய் மூன்று நான்கு சொட்டு. துணியில் விட்டு மெல்லிதாகப் பூசுங்கள். பளபளப்புத் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. எண்ணெய் அதிகமானால் தூசி வந்து ஒட்டும்.

தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவும் வேண்டாம். நாளானால் அவை சிக்குப்பிடித்துப் பிசுபிசுக்கும். அதில் உண்டாகும் அமிலம் இரும்பையே அரிக்கும்.

துரு ஏற்கெனவே இருந்தால்? உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். துருவோடு மேல்பூச்சும் வேலைப்பாடும் சேர்ந்து போய்விடும். எண்ணெய் தொட்ட துணியால் பல தடவை பொறுமையாகத் துடைத்தாலே மேல்துரு வந்துவிடும். பித்தளைப் பிடிக்குப் புளி போட்டு விளக்கும் ஆசையும் வேண்டாம். குத்துவிளக்குக்கு அது சரி. முலாம் பூசிய பிடியில் முலாமே போய்விடும்.

உறைக்குள் போட்டு வைக்கலாமா?

நீண்ட நாளுக்கு வேண்டாம். தோல் உறையும், மரத்தின் மேல் வெல்வெட் ஒட்டிய உறையும் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு, அதை அலகின் மேலேயே கசியவிடும். ஜப்பானில் பழைய வாள்களுக்கு, வெளியே காட்டும் அலங்கார உறை ஒன்று, ஓய்வாக வைக்க வேலைப்பாடில்லாத வெறும் மர உறை ஒன்று என்று இரண்டு வைத்திருப்பார்கள். நமக்கு அவ்வளவு வேண்டாம். வாளைத் தனியாக, உறையைத் தனியாக, பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

எண்ணெய் பூசிய அலகை பட்டர் பேப்பரில் சுற்றி, அதன்மேல் பருத்தித் துணி சுற்றுங்கள். செய்தித்தாள் ஆகாது, அதில் ஈரமும் உண்டு, அமிலமும் உண்டு. பாலிதீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்க்கும். பிளம்பர் விட்டுப்போன பிவிசி குழாய் அளவெடுத்தாற்போல் இருக்கும்தான். ஆனால் பிவிசியிலிருந்து மெல்லக் கசியும் ஆவி உலோகத்துக்கு ஆகாது.

கூடவே நாலைந்து பொட்டலம் சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) போடுங்கள். நிறம் மாறும் வகையாக வாங்கினால், ஈரம் நிறைந்ததும் பார்த்தாலே தெரியும். உடனே புதிது மாற்றிவிடலாம். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது.

எந்த இடத்தில்?

பூட்டுள்ள பீரோவின் மேல் தட்டில், படுக்கை வாட்டில். மழைத் தண்ணீர் ஊறும் வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. கட்டிலுக்கடியும், பீரோவின் அடித்தட்டும் கூடவே கூடாது.

ஏன் என்று கடலூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004 சுனாமி, 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையோடு பெண்ணையாற்றில் வந்த தண்ணீர் என்று எல்லாம் தரையிலிருந்துதான் ஏறின.

நூறு வருஷப் பழைய வாள் என்றால்?

நூறு ஆண்டுக்குக் குறையாத பொருள், 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். மேற்படிப்புக்கு வெளிநாடு போகும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுபோக முடியாது. அதை நீங்களாகச் சுத்தம் செய்யவும் வேண்டாம். கடலூரிலேயே அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில், பழம்பொருளைப் பாதுகாப்பதற்கென்றே 1930இல் தொடங்கிய வேதியியல் கூடம் இருக்கிறது. தஞ்சை அரண்மனை ஆயுதங்கள் இருப்பதும் அங்கேதான். முதலில் அவர்களிடம் யோசனை கேளுங்கள்.

அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டுமா?

வருஷத்துக்கு இரண்டு முறை தவறாமல். எப்போது என்று தனியாகக் குறித்து வைக்க வேண்டாம், பஞ்சாங்கமே குறித்து வைத்திருக்கிறது. ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்போ, அது தொடங்கும் தறுவாயிலோ வருகிறது. போகியும் பொங்கலும் அந்த மழை ஓய்ந்தபின் வருகின்றன. இரண்டுக்கும் கல்லூரி விடுமுறை. எப்படியும் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறப்போகிறீர்கள்.

ஆயுத பூஜையன்று துணியைப் பிரித்து, துடைத்து, எண்ணெய் பூசிப் பூஜையில் வையுங்கள். சந்தனமும் குங்குமமும் அலகில் வேண்டாம், பிடியோடு கட்டிய ஒரு தாளில் வையுங்கள். மறுநாள் விடுதிக்குக் கிளம்புமுன் மறுபடி சுற்றிப் பூட்டிவிட்டு, சாவியைப் பாட்டி கையில் கொடுங்கள். போகியன்று அதே சாவியை வாங்கி, மழை என்ன செய்திருக்கிறது என்று பிரித்துப் பாருங்கள்.