கேட்கப்படாத இரு கேள்விகள்

பக்கவாதத்தால் கையும் காலும் செயலிழப்பது அனைவர் கண்ணுக்கும் தெரியும். மனம் சோர்வது தெரிவதில்லை. பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மனச்சோர்வுக்கு உள்ளாவதாகப் பல நாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆனால், கோவை காந்திபுரத்தில் ஒரு வீட்டில் அத்தகைய நோயாளி உணவை மறுத்தால், 'பிடிவாதம் கூடிவிட்டது' என்றே வீட்டார் எண்ணுகின்றனர்.

உடல்நிலையை மதிப்பிடச் செவிலியரிடம் தெளிவான முறைகள் உள்ளன. கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றையும் கொண்டு 3 முதல் 15 வரை மதிப்பெண் வழங்கும் நினைவுநிலை அளவுகோல், 1974-இல் கிளாஸ்கோ நகரில் உருவானது. வாய்வழியே எதையும் கொடுக்கும் முன் விழுங்கும் திறனைச் சோதிப்பதும் செவிலியரின் பணியே. இதைத் தவறவிட்டால் உணவு நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம்.

மனத்தை மதிப்பிடவும் எளிய வழி உண்டு. கடந்த இரண்டு வாரங்களில் எதிலும் ஆர்வமின்றி இருந்தீர்களா? மனம் சோர்ந்து, நம்பிக்கை இழந்து இருந்தீர்களா? ஒவ்வொரு விடைக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் இருந்தால் விரிவான பரிசோதனை தேவை. பேச்சிழந்தவரிடம் இக்கேள்விகள் பயன்படா. அவரது உறக்கம், உணவு, அழுகை, பயிற்சியில் காட்டும் ஈடுபாடு ஆகியவற்றைச் செவிலியர் உற்றுநோக்கியே அறிய வேண்டும்.

சில நிமிடங்களே பிடிக்கும் இப்பணி ஏன் விடுபடுகிறது? ரத்த அழுத்தத்துக்கு நோயாளியின் குறிப்பேட்டில் ஓர் இடமுண்டு. மனத்துக்கு இல்லாவிட்டால், பணிச்சுமை மிக்க செவிலியர் கேட்க மறப்பது இயல்பே. பொருளியல் நோக்கில் இச்சிக்கனம் பொய்யானது. மனம் சோர்ந்தவர் இயன்முறைப் பயிற்சிக்கு ஒத்துழைப்பதில்லை, மீள்வது தாமதமாகிறது. அவரைப் பராமரிக்க மனைவியோ மகளோ வேலையை விட நேர்கிறது. மருத்துவமனைக் கணக்கில் ஏறாத அந்த இழப்பைக் குடும்பம் சுமக்கிறது.

2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த மாத்திரைகளையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்கே கொண்டு செல்கிறது. பக்கவாத நோயாளியின் வீட்டுக்குச் செல்வோர் இவ்விரு கேள்விகளையும் கேட்டுப் பதிவு செய்வதை வழக்கமாக்கலாம். கேட்பதோடு நின்றுவிடாமல், தேவைப்படுவோரை மனநல மருத்துவரிடம் அனுப்பும் ஏற்பாடும் வேண்டும். மனநல சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் ஏற்கிறது. 14416 என்ற தொலைபேசி எண்ணிலும் கட்டணமின்றி ஆலோசனை பெறலாம்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில், மாத்திரைகளின் விவரத்தோடு நோயாளியின் மனநிலை குறித்தும் செவிலியரிடம் கேட்டறிவது குடும்பத்தாரின் கடமை.